பழைய பஸ்: ரிவர்ஸ் கத்துகிறது, இரண்டு விழவில்லை, நாலு கழன்று வருகிறது

பின்சீட்டு:

வணக்கம். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து, ஓட்டத்திலிருந்து கழித்த ஒரு பழைய பஸ்ஸை வாங்கியிருக்கிறோம். சீட்டெல்லாம் கழற்றியாயிற்று, தரைக்குப் பிளைவுட் அடித்து, படுக்கை போடும் வேலை நடக்கிறது. எஞ்சின் பின்னால், கியர் ஐந்து. ஓட்டுவது நான். கனரக உரிமம் இருக்கிறது, ஆனால் கற்றதும் ஓட்டியதும் எல்லாம் புது வண்டிகள். அதில் விரலால் தள்ளினாலே கியர் விழும். இதில் விழுவதற்கு முன்னால் சண்டை போட வேண்டியிருக்கிறது.

தொல்லை மூன்று. நின்ற இடத்தில் ரிவர்ஸ் போட்டால் தகரத்தை அறுக்கிற மாதிரி சத்தம். தெருவே திரும்பிப் பார்க்கிறது. ஏற்றத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கவே முடியவில்லை. கரகரவென்று தள்ளிவிடுகிறது, வண்டி நின்றுபோய் ஒன்றிலிருந்து புறப்படுகிறேன். மூன்றாவது தொல்லைதான் பயமாக இருக்கிறது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் நாலாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. போன முறை ஒரு கையால் கியர் ராடை அழுத்திப் பிடித்துக்கொண்டே இறங்கினேன்.

பார்த்த மெக்கானிக் ஒருவர், கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்தாக வேண்டும் என்கிறார். அதற்கு முன்னால் நாங்களே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?

டாப்கியர்:

கிளட்சை மறந்துவிடுங்கள். புறப்படவும் நிற்கவும் மட்டும்தான் கிளட்ச். மற்ற நேரத்தில் எஞ்சின் சுற்று (ஆர்பிஎம்) வண்டி வேகத்துக்குப் பொருந்தினால் கியர் தானாக உள்ளே போகும். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

பழைய ஸ்டியரிங்:

டாப்கியர், அது எனக்கும் தெரியும். ஒருநாள் பெடலின் அழுத்தத்தைக் கொண்டுபோகும் கிளட்ச் லைன் உடைந்து, பஸ் நிறைய ஆளோடு அப்படித்தான் டிப்போ வரை வந்து சேர்ந்தேன். ஆனால் சிங்க்ரோ (கியர்களின் சுற்றைப் பொருத்தித் தரும் அமைப்பு) உள்ள பாக்ஸில் தினமும் அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் பித்தளை வளையம் சீக்கிரம் தேயும். ரிவர்ஸே போடத் தெரியாமல் தவிக்கிறவரிடம் இதைச் சொல்லலாமா?

பின்சீட்டு தம்பி, பாக்ஸை இறக்குகிறவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வது மூன்றும் ஒரே நோய் இல்லை.

முதலில் ரிவர்ஸ். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பின்னால் ஆள் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஐடிலில், கியர் நியூட்ரலில். கிளட்சை அடிவரை மிதித்து மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அப்புறம் ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் குறை உங்கள் அவசரத்தில். மிதித்த நொடியிலேயே பாக்ஸுக்குள் இருக்கும் பல்சக்கரங்கள் நின்றுவிடாது, சுற்று அடங்க நேரம் பிடிக்கும். பத்து எண்ணிய பிறகும் கத்தினால் கிளட்ச் பிளேட் முழுசாக விடுபடவில்லை என்று அர்த்தம். பெடல் ஓட்டம் போதாமல் இருக்கலாம், லைனில் காற்று புகுந்திருக்கலாம், அந்த லைனுக்கு அழுத்தம் தரும் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் விட்டுக்கொடுக்கலாம். இது எதற்கும் பாக்ஸைத் தொட வேண்டியதில்லை.

இன்னொன்று. சில கனரக வண்டிகளில் கிளட்ச் பிரேக் என்று ஒன்று இருக்கும். பெடலின் கடைசி ஓட்டத்தில் அது எஞ்சின் சுற்றைப் பாக்ஸுக்குள் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்டைப் பிடித்து நிறுத்தும். உங்கள் வண்டியில் அது இருந்தால், அடிவரை மிதிப்பது நின்ற இடத்தில் மட்டும்தான். ஓடும்போது அப்படி மிதித்தால் அது தீய்ந்துபோகும்.

அடுத்தது மூன்றிலிருந்து இரண்டு. இதில் வண்டியின் குறை பாதி, கையின் குறை பாதி. கணக்கு சொல்கிறேன், இது புரிந்துவிட்டால் மற்றது பழக்கம்தான். உதாரணத்துக்கு உங்கள் பாக்ஸில் இரண்டாவது கியர் விகிதம் 4.5, மூன்றாவது 2.5, நாலாவது 1.5, டாப் (ஐந்தாவது) 1 என்று வைத்துக்கொள்வோம். 4.5-ஐ 2.5-ஆல் வகுத்தால் 1.8. அதாவது மூன்றில் 1,000 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருந்தால், அதே வேகத்தில் இரண்டில் எஞ்சின் 1,800-ல் சுற்ற வேண்டும். டாப்பிலிருந்து நாலுக்கு 1,000-க்கு 1,500 போதும். உங்களுக்கு இரண்டு மட்டும் அடம் பிடிப்பதற்கு இந்த இடைவெளிதான் காரணம். அதே கணக்கில் மூன்றில் 1,600-ல் ஓடும்போது இரண்டைத் திணித்தால் எஞ்சின் 2,880-க்குப் போக வேண்டும். பழைய டீசல் எஞ்சினுக்கு அது தாங்காது. அதனால் வேகம் முதலில் குறையட்டும், கியர் பிறகு. உங்கள் பாக்ஸின் உண்மையான விகிதங்கள் மேனுவலில் இருக்கும். எழுதி டாஷ்போர்டில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கால் வேலை இப்படி: கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்கு எடுங்கள். கிளட்சை விடுங்கள். ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி ஆர்பிஎம்மை ஏற்றுங்கள். உடனே மறுபடி கிளட்ச், இரண்டு. நடுவில் கிளட்சை ஏன் விட வேண்டும் என்று கேட்பீர்கள். மிதித்தபடியே ஆக்சிலேட்டரைத் தட்டினால் எஞ்சின் மட்டும்தான் சுற்றும். பாக்ஸுக்குள் கியர்களைச் சுற்றவைக்கும் பக்கத்துத் தண்டான லே ஷாஃப்ட் அப்படியே கிடக்கும். வேகம் ஏற வேண்டியது அதற்குத்தானே.

பின் எஞ்சின் வண்டியில் இன்னொரு கஷ்டம், சத்தம் டிரைவர் சீட்டுக்கு வருவதற்குள் பாதி செத்துவிடும். நான் கையை நம்புவேன். ராடை இறுக்கிப் பிடிக்காமல் இரண்டு விரலால் இரண்டாவது கியரின் வாசலில் லேசாகச் சாய்த்து வையுங்கள். சுற்று பொருந்தாதவரை விரல்நுனியில் ஒரு நடுக்கம் தெரியும். பொருந்துகிற இடத்தில் அது சட்டென்று அடங்கும், ராடு தானாக உள்ளே விழும். அந்த ஒரு நொடியைப் பிடிக்க எனக்கு நாலு மாதம் ஆயிற்று.

நாலு கழன்று வருவதற்கு முதல் சந்தேகம் லிங்கேஜ், அதாவது கியர் ராடைப் பாக்ஸோடு இணைக்கும் கம்பிகள். டிரைவர் சீட்டிலிருந்து பாக்ஸ் வரை ராடு எத்தனை மீட்டர் ஓடுகிறது, நடுவில் எத்தனை ஜாயிண்ட் என்று எண்ணிப் பாருங்கள். ஜாயிண்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு புஷ்ஷிலும் (உள் வளையம்) நூலளவு ஆட்டம் இருந்தாலும், கடைசியில் பாக்ஸுக்குப் போய்ச் சேர வேண்டிய தள்ளல் குறைந்துவிடும். பல் பாதிதான் கோக்கும். இழுக்கும்போது தாங்கும், காலை எடுத்ததும் எஞ்சின் எதிர்ப்பக்கம் இழுக்கும்போது நழுவும். எஞ்சினை நிறுத்தி ஒருவர் நாலாவது கியர் போடட்டும். இன்னொருவர் அடியில் போய், பாக்ஸ் பக்கத்தில் லிங்கேஜைக் கழற்றி, ஷிஃப்ட் ஷாஃப்டைக் கையால் அதே திசையில் தள்ளிப் பார்க்கட்டும். இன்னும் உள்ளே போனால் குறை வெளியில். போகவில்லை என்றால் உள்ளே ஃபோர்க் (கியரைத் தள்ளும் கவை), ஸ்பிரிங், பல் தேய்மானம். அப்போது உங்கள் மெக்கானிக் சொன்னதுதான் சரி.

அதுவரை இறக்கம் உள்ள பக்கமே போகாதீர்கள். நியூட்ரலில் பஸ் உருளும்போது எல்லாப் பாரமும் பிரேக் மேல். டிரம் சூடேறினால் பிடிப்பு போய்விடும். வேகம் ஏறிய பிறகு எந்தக் கியரும் விழாது. இறங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். கூடவே, ராடின் மேல் கையை வைத்துக்கொண்டே ஓட்டுகிற பழக்கம் இருந்தால் விடுங்கள். அந்தக் கையின் பாரம் நாள் முழுக்க ஃபோர்க்கைத் தேய்க்கும்.

எண்ணெய்க்கை:

மேலே அண்ணன் எல்லாம் சொல்லிவிட்டார். நான் ஆயிலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வடிக்கும் பிளக்கைத் தொடுவதற்கு முன்னால் ஊற்றும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் தலைகீழாகச் செய்தேன். ஆயில் மொத்தமும் தட்டில், மேல் பிளக் துருப்பிடித்து அசையவில்லை, ஸ்பானர் போட்டதில் அதன் தலையும் வழுக்கி உருண்டையாகிவிட்டது. வண்டியை நகர்த்தவும் முடியாது. பிளக்கின் மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருகி எடுக்கும்போது இருட்டிவிட்டது.

அளவு பார்க்கும்போது வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், எஞ்சின் நிறுத்தியிருக்க வேண்டும். பெரும்பாலான பாக்ஸில் ஊற்றும் ஓட்டையின் கீழ் விளிம்பைத் தொடுகிற அளவுதான் சரி. கூட ஊற்றினால் நுரைத்து சீல் வழியாக வரும். முன் சீல் வழியாக வந்தால் கிளட்ச் பிளேட் நனையும்.

எந்த ஆயில் என்பதை மேனுவலிடம் கேளுங்கள், ஊரிடம் கேட்காதீர்கள். பின் ஆக்சிலுக்கு ஊற்றுகிற ஜிஎல்-5 தர ஆயில் மிச்சம் இருக்கிறது என்று பாக்ஸிலும் ஊற்றுவார்கள். அதில் இருக்கும் கந்தகச் சேர்மானம் சிங்க்ரோவின் பித்தளையை அரிக்கக்கூடும். பல பாக்ஸுக்கு ஜிஎல்-4 தரம். சில பழைய பாக்ஸுக்குக் கெட்டியான எஞ்சின் ஆயிலே சொல்லியிருப்பார்கள்.

சூடாக இருக்கும்போது வடியுங்கள். பிளக்கில் காந்தம் இருந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டினால் கவலை இல்லை. ஊசி ஊசியாகவோ பல் துண்டாகவோ வந்தால் பாக்ஸைப் பிரிக்க வேண்டும். பித்தளை காந்தத்தில் ஒட்டாது, அதனால் வடித்த ஆயிலை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பொன் தூள் மின்னினால் சிங்க்ரோ கரைகிறது. பாக்ஸின் மேல் இருக்கும் காற்றுத் துளையான பிரீதரையும் துடைத்துவிடுங்கள். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலும் கசியும்.

எப்போதாவது கட்டி இழுக்க நேர்ந்தால் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இழுங்கள். நியூட்ரலில் சக்கரம் சுற்றும்போது பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் மட்டும் சுற்றும், ஆயிலை வாரி அடிக்கிற லே ஷாஃப்ட் நின்றுவிடும். கொஞ்ச தூரத்திலேயே உள்ளே வறண்டு தீயும்.

பின்சீட்டு:

மூன்று வாரம் ஆயிற்று. எல்லோருக்கும் நன்றி, கொஞ்சம் வெட்கத்தோடு எழுதுகிறேன்.

பத்து எண்ணிப் பார்த்தேன், அப்போதும் கத்தியது. லைனில் காற்று எடுத்தோம், பயன் இல்லை. கடைசியில் நண்பர் டார்ச் அடித்து, பெடல் எங்கே போய் முட்டுகிறது என்று பார்த்தார். நாங்கள் அடித்த பிளைவுட், அதன் மேல் ஒட்டிய ரப்பர் விரிப்பு. இரண்டும் சேர்ந்து ஒரு அங்குலம். கிளட்ச் பெடல் தரைக்கு வருவதற்கு முன்பே விரிப்பில் உட்கார்ந்துவிடுகிறது. அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தோம். இப்போது ஐந்து எண்ணினாலே ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது.

நாலாவது கியரும் லிங்கேஜ்தான். நடு ஜாயிண்டில் புஷ்ஷே இல்லை, வெறும் போல்ட் ஆடிக்கொண்டிருந்தது. கழற்றித் தள்ளிப் பார்த்தபோது ஷாஃப்ட் அரை விரல் உள்ளே போயிற்று. புது புஷ் போட்டு நீளத்தைச் சரிசெய்தோம். பிறகு ஒரு சின்ன இறக்கத்தில் மெதுவாகப் பார்த்தோம், கழலவில்லை. காந்தத்தில் மை மட்டும், பொன் தூள் இல்லை.

மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குவது மட்டும் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன். காலி மைதானத்தில் பத்துக்கு நாலு தடவை விழுகிறது. அந்த நடுக்கம் அடங்குவது ஒரே ஒரு தடவை விரலுக்குத் தெரிந்தது.

பழைய ஸ்டியரிங்:

பத்துக்கு நாலு மோசமில்லை. ஒரு கேள்வி தம்பி. கிளட்ச் பெடலுக்கு அடியில் வெட்டினீர்கள், சரி. அதே விரிப்பு பிரேக் பெடலுக்கு அடியிலும்தானே போகிறது?

பின்சீட்டு:

கத்தியோடு வண்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் ஐயா.