அவசரம்: பிரஷர் சேம்பரில் இறக்கியதும் ஆக்சுவேட்டர் பாதியில் நிற்கிறது

கடல்நண்டு:
சப்ஸீ (கடலடி) கேட் வால்வைத் திறந்து மூடும் எலெக்ட்ரிக் ஆக்சுவேட்டர். உள்ளே ஆயில் நிரப்பியது, கரண்ட் போனால் மூட ஸ்பிரிங். பெஞ்சில் இருபது தடவை திறந்து மூடியாயிற்று, ஒரு குறையும் இல்லை. கடலாழ அழுத்தம் கொடுக்கும் சேம்பருக்குள் போனதும் பாதி ஸ்ட்ரோக்கில் (பாதி தூரத்தில்) கரண்ட் ஏறி ட்ரிப் ஆகிறது. நாளைக் காலை கஸ்டமர் வருகிறார். எதைப் பார்க்க?

மின்னல்:
எத்தனை பார்? வோல்டேஜை எங்கே அளந்தீர்கள், சப்ளையிலா மோட்டார் முனையிலா? நீளக் கேபிள் என்றால் அங்கேயே பாதி போயிருக்கும். மெக்கர் (இன்சுலேஷன் சோதனை) போட்டீர்களா?

பழைய வால்வு:
தம்பி, திறக்கும்போதா மூடும்போதா? தண்ணீர் என்ன குளிர்ச்சி? இதெல்லாம் சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல முடியும். எனக்கு ஆயில் மேல்தான் சந்தேகம். குளிரில் தேன் மாதிரி ஆகிவிடும், கியர்பாக்ஸ் அதைக் கடைந்துகொண்டிருக்கும்.

கடல்நண்டு:
மன்னிக்கவும். 150 பார், 4 டிகிரி. திறக்கும்போது. மெக்கர், வோல்டேஜ் இரண்டும் சரி.

கிரீஸ் டப்பா:
ஆயில் கெட்டி என்றால் முதல் மில்லிமீட்டரிலிருந்தே இழுக்குமே, பாதியில் ஏன்?

பழைய வால்வு:
ஸ்பிரிங் அமுங்க அமுங்கச் சுமை கூடாதா? அடிப்படையைப் படியுங்கள்.

கிரீஸ் டப்பா:
படித்தாயிற்று சார். ஆயில் நிரப்பும்போது வாக்யூம் இழுத்தீர்களா, கடல்நண்டு? காற்று மிச்சமிருந்தால் 150 பாரில் அது ஒன்றுமில்லாமல் சுருங்கும். குளிரில் ஆயிலும் கொஞ்சம் சுருங்கும். இரண்டையும் காம்பென்சேட்டர் பைதான் (உள் அழுத்தத்தைக் கடல் அழுத்தத்துக்குச் சமமாக வைக்கும் ஆயில் பை) ஈடுகட்ட வேண்டும். திறக்கும்போது ஸ்டெம் (வால்வை நகர்த்தும் தண்டு) ஹவுசிங்கை விட்டு வெளியே போவதால் அந்த இடத்துக்கும் ஆயில் வேண்டும். பை பாதியிலேயே ஒட்டிப்போனால் உள் அழுத்தம் விழும், கடல் அழுத்தம் ஸ்டெம்மை உள்ளே தள்ளும், சீலும் இறுகும். அழுத்தத்தை இறக்கிவிட்டு அதே 4 டிகிரியில் ஓட்டிப் பாருங்கள். ஓடினால் பழி குளிர் மேல் இல்லை.

மின்னல்:
ஸ்பிரிங்கே எதற்கு? பேட்டரி வைத்து மூடலாமே.

பழைய வால்வு:
கரண்ட் போனால் தானாக மூட வேண்டிய வால்வை பேட்டரியை நம்பி விடுவதா? ஹைட்ராலிக்கில் இந்தத் தொல்லையே கிடையாது.

மின்னல்:
டச்சு வட கடலில் கே5எஃப் எரிவாயு வயலில் 2008-லேயே கிணற்றுத்தலை வால்வுகளை மின்சாரத்தில் ஓட்டினார்கள். கிணற்றுக்குள் இருக்கும் பாதுகாப்பு வால்வு மட்டும் ஹைட்ராலிக். 2016-ல் அதுவும் மின்சாரம்.

பழைய வால்வு:
அங்கே ஆழம் என்ன? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கடல்நண்டு:
காற்றுதான். அழுத்தமில்லாமல் குளிரில் ஓடியது. வாக்யூம் போட்டு மறுபடி நிரப்பினோம், முழு ஸ்ட்ரோக். நன்றி, தூங்கப் போகிறேன்.

மின்னல்:
பேட்டரிக்கு இன்னும் பதில் வரவில்லை.