கடலோர மண்ணில் மஞ்சள் செண்பகம்: வைத்தவர்கள் சொல்லுங்கள்

கடலூர், மஞ்சக்குப்பம்:
செண்பகம் என்றதும் எல்லாரும் ஒட்டுக்கன்றா விதைக்கன்றா என்றுதான் கேட்கிறார்கள். விதைக்கன்று பூக்க ஏழெட்டு வருஷம் ஆகும், ஒட்டு ரெண்டாம் வருஷமே மொட்டு விடும்; ஒட்டே வாங்குங்கள், அதில் பேச்சே இல்லை. நம்ம ஊரில் முதலில் பார்க்கவேண்டியது, ஐப்பசி கார்த்திகையில் அந்த இடத்தில் தண்ணீர் நிற்குமா என்பதை. இது மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் நூறடிக்கும் மேல் வளர்கிற மரம். எவ்வளவு மழை பெய்தாலும் வாங்கிக்கொள்ளும், வேரில் தேங்கினால் மட்டும் தாங்காது.

2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலில் எங்கள் தோட்டம் குளமாகிவிட்டது. பக்கத்தில் இருந்த கொய்யா பிழைத்துக்கொண்டது. செண்பகம் இலை பழுத்துக் கொட்டி, பொங்கலுக்குள் வெறுங்குச்சியாக நின்றது. பிடுங்கிப் பார்த்தால் வேரின் தோல் கறுத்து, தொட்டதும் வழுவழுவென்று கையோடு உரிந்து வந்தது, உள்ளே ஈர்க்குச்சி மாதிரி வெள்ளை நரம்புதான் மிச்சம். இப்போது முழங்கால் உயரம் மேடு கட்டி, செம்மண்ணும் தொழு உரமும் கலந்து புதுக்கன்று வைத்திருக்கிறோம். போன மழைக்கு அசையவில்லை.

புதுச்சேரி, லாஸ்பேட்டை:
அக்கா, எங்க பக்கம் மேட்டுச் செம்மண், தண்ணி நிக்காது. எங்களுக்குக் காத்துதான் எமன். அப்பா வெச்ச மரம் மாடியைத் தாண்டி நின்னுது. 2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் கரையேறினப்ப பாதியில முறிஞ்சு போச்சு. வெட்டிப்போடச் சொன்னாங்க, அப்பா கேக்கல. அடிமரத்துலயே துளிர் விட்டு மறுபடி வந்துடுச்சு. அதுலேர்ந்து பூ ஓய்ஞ்சதும் கவாத்து பண்ணி, தொரட்டிக்கு எட்டுற உயரத்துலயே வெச்சிருக்கோம். உயரமா விட்டா பூவெல்லாம் காக்காய்க்குத்தான், வாசனை மட்டும் நமக்கு.

இன்னொண்ணு, இலையில பச்சைப் புழுவைப் பாத்ததும் மருந்தடிக்காதீங்க. கறுப்பு இறக்கையில பச்சைப் புள்ளி வெச்ச வண்ணத்துப்பூச்சி இருக்கே, அதோட புழுதான். சீத்தா, நெட்டிலிங்கத்துலயும் அதே முட்டைதான் வெக்கும். பெரிய மரத்துக்கு நாலு இலை போனா ஒண்ணும் ஆகாது. சின்னக் கன்னுன்னா கையால எடுத்து சீத்தா மரத்துல விட்டுடுங்க.

நெல்லிக்குப்பம்:
செண்பகம் வைத்தால் பாம்பு வரும் என்று மாமியார் ஒரே பிடிவாதம். நான் பார்த்தவரை வருவது மைனாவும் குயிலும்தான், காய் வெடித்துச் சிவப்பு விதை தெரிந்தால் விடாது. எலி இருக்கிற வீட்டுக்குப் பாம்பு எந்த மரத்தைக் கேட்டு வரப்போகிறது?

மஞ்சக்குப்பத்து அக்கா, மேட்டைச் சுற்றிச் செங்கல் வைத்தீர்களா, வெறும் மண்தானா? எங்கள் மேடு ஒவ்வொரு மழைக்கும் கரைகிறது. விதை வேண்டுமென்றால் சொல்லுங்கள், மரத்தில் இப்போது காய் இருக்கிறது. ஆனால் வாங்கின அன்றைக்கே சிவப்புச் சதையைத் தேய்த்துக் கழுவி விதைத்துவிடுங்கள். காயவைத்து டப்பாவில் எடுத்து வைத்தால் முளைக்காது.