கை முன்னால் நீளும்போது முழங்கைக் கோணம் தாவுகிறது, வழி சொல்லுங்கள்

பக்கவாதம் வந்த ஒருவருக்குத் தொலைவிலிருந்து கைப்பயிற்சி கொடுக்கிறேன். நான் மதுரையில், அவர் போடி பக்கம் ஒரு கிராமத்தில். அவர் வீட்டில் வைத்த கினெக்ட் கேமரா மூட்டுக் கோணத்தை அளக்கிறது. கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது அளவு சரியாக வருகிறது. போன மாதம் உட்கார்ந்து செய்யும் பயிற்சிக்கு மாறினோம், அதிலிருந்துதான் தலைவலி: மேசை மேல் இருக்கும் டம்ளரை எட்டி எடுக்கச் சொன்னால் கை கேமராவை நோக்கி நீள்கிறது, முழங்கை உள்ளங்கைக்குப் பின்னால் மறைந்து கோணம் கண்டபடி தாவுகிறது. நமக்கு வேண்டியதே அந்த அசைவுதான்!

கருவி கினெக்ட் வி2 (உடம்பின் மூட்டுகளைப் பின்தொடரும் மைக்ரோசாஃப்ட் ஆழக் கேமரா), அதன் மென்பொருள் தொகுப்பு எஸ்டிகே 2.0, விண்டோஸ் 10 லேப்டாப், யூஎஸ்பி 3.0, தூரம் சுமார் 2 மீட்டர்.

சென்சாரை 45 டிகிரி பக்கவாட்டில் வைத்தேன். முழங்கை கொஞ்சம் தேவலை, ஆனால் மறுபக்கத் தோள் மறைவதால் உடம்பைச் சாய்த்து எட்டுகிறாரா என்பது பிடிபடவில்லை. ஜன்னல் வெயில் அகச்சிவப்பைக் கெடுக்கும் என்று திரை போட்டாச்சு, தொளதொள சட்டையும் மாற்றியாச்சு. 'இன்ஃபர்ட்' (நேராகத் தெரியாமல் ஊகித்தது) என்று வரும் மூட்டுப் புள்ளிகளை நீக்கினால் பாதி அசைவே காணோம். வேகமான நடுக்கத்தை வடிகட்டும் 6 ஹெர்ட்ஸ் பட்டர்வொர்த் ஃபில்டர் தாவலை வழவழப்பாக்குகிறதே தவிர தப்பு தப்பாகவே இருக்கிறது. இரண்டாவது கினெக்டை இதே லேப்டாப்பில் மாட்ட எஸ்டிகே விடாது.

அப்புறம் மிச்சம் இருப்பது மேற்கையிலும் முன்கையிலும் எம்பியூ-6050 (முடுக்கத்தையும் சுழற்சியையும் அளக்கும் சின்ன சென்சார்) கட்டுவதுதான். அதில் திசைகாட்டி போன்ற காந்தமானி இல்லை, அதனால் அது காட்டும் திசை மெல்ல நகர்ந்துகொண்டே போகும்.

முழங்கை தெளிவாகத் தெரியும் ஃப்ரேம்களில் கிடைக்கும் கினெக்ட் கோணத்தை வைத்து அந்த நகர்வைத் திருத்தியவர்கள் யாராவது இருந்தால், எப்படிச் செய்தீர்கள்?