மிதவைப்பாசி இனக்கூட்டு: துறைமுக நீர்மாசு பற்றிய சொற்கள்

அன்பர்களுக்கு வணக்கம்.

> பைட்டோபிளாங்டன் கம்யூனிட்டி என்பதற்குத் ‘தாவர மிதவையுயிரிச் சமுதாயம்’ போதாதா?

போதாது, ஐயா. பைட்டோபிளாங்டன் என்பது நீரில் மிதந்தபடி ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்களின் கூட்டம். துறைமுக நீரில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தால் சிலிக்கா ஓடு பூண்ட டயாட்டம்கள், கசையிழைகளால் நீந்தும் டைனோபிளாஜெல்லேட்டுகள், நீலப்பச்சைப்பாசிகள் எல்லாம் கலந்து தெரியும். நீலப்பச்சைப்பாசி உண்மையில் பாக்டீரியா. டைனோபிளாஜெல்லேட்டுகளில் சில பிற உயிர்களை விழுங்கியும் வாழ்கின்றன. இவற்றுக்குத் ‘தாவரம்’ என்ற முத்திரை எதற்கு? ‘மிதவைப்பாசி’ என்போம். தமிழில் பாசி என்பது நெகிழ்வான சொல். வேலம்பாசி என்று நீர்ச்செடியைக்கூட அழைக்கிறோம்.

‘சமுதாயம்’தான் எனக்குப் பெரிய உறுத்தல். மாசை மதிப்பிட உதவுவது எந்தெந்த இனங்கள், என்ன விகிதத்தில் இருக்கின்றன என்ற செய்தி. கடலோடு நீர்மாற்றம் குறைந்த துறைமுகத்தில் கழிவுநீரால் நைட்ரஜனும் பாஸ்பரசும் ஏறுகின்றன. சிலிக்கா அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ஓடு கட்டச் சிலிக்கா இல்லாதபோது டயாட்டம்கள் பின்தங்க, அது தேவைப்படாத வகைகள் மேலோங்குகின்றன. சிலிக்கா இருக்கும்வரை ஸ்கெலட்டோனீமா போன்ற ஓரிரு டயாட்டம்கள் மட்டும் பெருகி மற்றவற்றை ஒதுக்கிவிடுவதும் உண்டு. பச்சைய அளவு கூடியிருக்கும், இனப்பன்மை சரிந்திருக்கும். கப்பலடிப் பூச்சிலிருந்து கசியும் செம்பு வேறு விதமாக வேலை செய்கிறது. அதைத் தாங்காத இனங்கள் அருகிப்போகின்றன. இந்த மாற்றமெல்லாம் சில நாள்களிலேயே தெரியும், ஏனெனில் இவ்வுயிர்கள் அவ்வளவு விரைவாகப் பிரிந்து பெருகுபவை.

இந்த விகிதப் பொருள் தொனிக்க ‘இனக்கூட்டு’ என்று முன்மொழிகிறேன். ‘இனச்சேர்க்கை’ கூடவே கூடாது, அது புணர்ச்சியைக் குறிப்பது.

இன்னொன்று. மாசைக் காட்டிக்கொடுக்கும் உயிரியையும், கணிதவியலாளர் ஷானன் 1948இல் தந்த சூத்திரத்தால் கணக்கிடும் இனப்பன்மை எண்ணையும் ‘குறியீடு’ என்று ஒரே சொல்லால் எழுதுகிறார்கள். உயிரியைச் ‘சுட்டுயிரி’ என்றும் எண்ணைப் ‘பன்மைச் சுட்டெண்’ என்றும் பிரித்துவிடுவோம். மாசே இல்லாத நீரிலும் பருவப் பெருக்கத்தின்போது சுட்டெண் விழும். ஆகவே அதே பருவத்தில் மாசுபடாத ஓரிடத்து நீரையும் எடுத்து ஒப்பிட்டே முடிவு சொல்ல வேண்டும். அந்த இடத்துக்கு ‘ஒப்பிடம்’ என்று எழுதலாமா? ‘ஒப்பீடு’ என்பதோடு குழம்பும் என்று தோன்றினால் மாற்றுச் சொல் தாருங்கள்.

அன்புடன்.