ஒளிரும் ஜாடி சீக்கிரம் மங்குவது ஏன்?

கேள்வி: மொட்டைமாடியில் வைக்க, ஊறுகாய் பாட்டிலுக்குள் ரேடியம் பெயின்ட் (இருட்டில் ஒளிரும் பெயின்ட்) பூசினேன். அரை மணியில் மங்கிவிடுகிறது. லைட் ஸ்டிக்கை (வளைத்தால் ஒளிரும் பிளாஸ்டிக் குச்சி) வெட்டி ஊற்றலாமா?

பதில் 1: வெட்டாதீங்க. உள்ளே கண்ணாடிக் குழாய் இருக்கு, திரவம் கண்ணில் பட்டால் எரியும். ஒரு ராத்திரிக்கு மேல் தாங்காது. உங்க பெயின்ட் துத்தநாக சல்ஃபைடாக இருக்கலாம், அது சீக்கிரம் மங்கும். அதைவிட நீண்ட நேரம் ஒளிரும் ஸ்ட்ரான்சியம் அலுமினேட் பவுடர் வாங்குங்க; பச்சைதான் அதிகப் பிரகாசமா ஒளிரும்.

பதில் 2: எடையில் 1 பங்கு பவுடர், 4 பங்கு நிறமற்ற வார்னிஷ். தண்ணீர் பெயின்டில் கலப்பதானால் நீர்புகாப் பூச்சுள்ள பவுடர்தான் வேணும், சாதாரணது ஈரத்தில் கெட்டுப்போகும். பவுடர் அடியில் தங்கும், கிளறிக்கிட்டே இருங்க. உட்புறம் 2 கோட், காய்ந்ததும் அதன்மேல் வெள்ளை. வெள்ளையை முதலில் பூசினால் வெளியே ஒளியே தெரியாது.

பதில் 3: மதியம் வெயில் காட்டி உள்ளே எடுத்து வைக்காதீங்க. பொழுது சாயும்வரை வெளியிலேயே இருக்கட்டும். மஞ்சள் பல்பு சரியா சார்ஜ் ஏற்றாது.