மகள் ஓயாமல் கேட்கும் சாக்ஸபோன் கான்செர்ட்டோ: எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?

துவாஸ் நைட்ஷிப்ட்:

இசை தெரிந்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ராஜா பாட்டும் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில் நாயனமும்தான். மகள் உயர்நிலை ஒன்றில் பேண்டில் சேர்ந்தாள். உயரமாக இருக்கிறாள் என்று ஆல்டோ சாக்ஸபோனைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஐந்து வருடமாகிறது, இன்னும் கீழே வைக்கவில்லை.

இப்போது கிளாசுனோவ் என்ற ரஷ்யக்காரரின் கான்செர்ட்டோ (ஒரு வாத்தியம் முன்னால், ஆர்கெஸ்ட்ரா பின்னால்) பழகுகிறாள். அது எனக்குப் பிடித்திருக்கிறது, பல் துலக்கும்போதுகூட முனகுகிறேன். பிரச்சினை அவள் கேட்பதில்தான். ஜான் ஆடம்ஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சாக்ஸபோன் கான்செர்ட்டோ, அரை மணி நேரம், தினமும். எனக்கு ஒரு மெட்டும் நிற்கவில்லை. வாசிப்பவர் மூச்சு விடாமல் ஏறுகிறார், இறங்குகிறார், எங்கே போகிறார் என்றே தெரியவில்லை. "சத்தமா இருக்கு" என்று சொல்லித் தொலைத்தேன். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. மேல் வீட்டுக்காரரிடம் அதே சொல்லை வாங்கிக் கட்டிக்கொண்டு, அலமாரியைத் திறந்து தொங்கும் துணிகளுக்குள் ஊதிப் பழகுகிற பிள்ளை அவள். நான் சொல்லியிருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சேர்ந்து கேட்கலாம் என்று சமாதானமாகியிருக்கிறோம். அதற்குள் எதைக் கவனிப்பது என்று யாராவது சொல்லுங்கள். இன்னொரு சந்தேகம்: அவர் அப்போதைக்கு அப்போது கற்பனை செய்து வாசிக்கிறாரா, இல்லை எல்லாம் எழுதி வைத்ததா?

பழைய பேண்டுக்காரன்:

அண்ணே, முதலில் கடைசிக் கேள்வி. எல்லாம் எழுதியது. ஒவ்வொரு சுரமும். மனோதர்மம் மாதிரி கேட்க வேண்டும் என்றேதான் அப்படி எழுதியிருக்கிறார்.

காரணம் இருக்கிறது. ஆடம்ஸின் அப்பா 1930களில் ஸ்விங் பேண்டுகளில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்தவர். வீடு நிறைய ஜாஸ் ரெக்கார்டுகள். அந்தக் காதோடு வளர்ந்த ஆள். அதனால் இதில் மெட்டைத் தேடாதீர்கள். சாக்ஸபோனை, பேசிக்கொண்டே நடக்கிற ஓர் ஆளாக நினைத்து அவர் பின்னாலேயே போங்கள். ஆர்கெஸ்ட்ராவை அவர் நடக்கும் தெருவாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதி ரொம்ப நீளம், ஆனால் படபடவென்று தொடங்கிப் போகப்போக அடங்கும். நீங்கள் அந்த அடங்கும் இடம் வருவதற்குள் நிறுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டாம் பகுதி சின்னது, ஒரே ஓட்டம்.

இது டிமத்தி மெக்காலிஸ்டர் என்பவருக்காகவே எழுதியது. 2013 ஆகஸ்டில் சிட்னி ஓபரா ஹவுஸில் முதல் கச்சேரி, ஆடம்ஸே நடத்தினார். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மெக்காலிஸ்டர், பள்ளி நாட்களில் தான் சைக்கிள் சாகசத்தில் சாம்பியன் என்று சொன்னாராம். இந்தப் பயமில்லாத ஆளுக்கு ஒரு கான்செர்ட்டோ எழுதியே ஆக வேண்டும் என்று ஆடம்ஸ் முடிவு செய்தது அப்போதுதான். அந்தத் தாவல்களைக் கேட்கும்போது சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள், பாதி புரிந்துவிடும்.

ஞாயிறுக்கு முன் முடிந்தால் ஜாஸ் சாக்ஸபோன்காரர் ஸ்டான் கெட்ஸின் 'ஃபோக்கஸ்' (1961) ஆல்பம் கேளுங்கள். அதில் வயலின் கூட்டத்துக்கு மட்டும்தான் எழுதினார்கள். சாக்ஸபோனுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை, கெட்ஸ் மேலே மிதந்து வாசித்தார். ஆடம்ஸ் அந்த மிதப்பைக் காகிதத்தில் பிடிக்கப் பார்க்கிறார்.

பி.கு.: பிள்ளை அலமாரிக்குள் ஊதுவது சரியான வழிதான். டிரம்பெட் மாதிரி வாயை அடைத்தால் சத்தம் குறையாது. சாக்ஸபோனில் பக்கத்துத் துளைகள் வழியாகவும் சத்தம் வெளியே போகும். பலர் காலுறையைத் திணித்துப் பார்த்து ஏமாந்திருக்கிறார்கள், நான் உட்பட.

பாட்டு டீச்சர், யீஷூன்:

நாயனம் கேட்டு வளர்ந்த உங்களுக்கு ஒரு குறுக்குவழி சொல்கிறேன் தம்பி. ஆல்டோ சாக்ஸபோன்காரர்கள் 'சி' என்று படிப்பதை ஊதினால் நமக்கு இரண்டரைக் கட்டை கேட்கும். மகளை அந்தச் சுரத்தை நீளமாகப் பிடிக்கச் சொல்லி, சுருதிப் பெட்டியை இரண்டரையில் வைத்து நீங்கள் கூடவே பாடிப் பாருங்கள். வேண்டுமென்றால் உங்கள் நாயனக்காரரிடமும் கேளுங்கள், தூரத்துச் சொந்தம் என்பார். உடம்பு பித்தளை என்றாலும் வாயில் இருப்பது நாணல்தானே. நாயனத்தின் சீவாளி இரட்டை நாணல், இது ஒற்றை, அவ்வளவுதான்.

ஆனால் சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத்தோடு மட்டும் ஒப்பிடாதீர்கள், எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். கத்ரி 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வாசித்தார், பெரிய விஷயம். அவர் கருவியிலேயே மாற்றங்கள் செய்து, சாவிக்குச் சாவி (துளைகளைத் திறந்து மூடும் மூடிகள்) தாவுகிற வாத்தியத்தைக் குழைத்துக் கமகம் வாங்கினார். ஆடம்ஸுக்குத் தாவல்தான் வேண்டும். குழைவை எதிர்பார்த்து உட்கார்ந்தால் உங்களுக்குக் கோபம்தான் வரும். எனக்கு வந்தது.

பழைய பேண்டுக்காரன்:

டீச்சர், குழைவு விஷயத்தில் ஒன்று. பிரெஞ்சுப் பாணியில் பழகியவர்கள் சுரத்தை வேகமாக அதிர விடுவார்கள், பள்ளிகளில் நாங்கள் கற்றதும் அதுதான். ஆடம்ஸ் அதை வேண்டாம் என்று சொல்லி, ஜாஸ்காரர்களின் கரகரப்பைத்தான் மெக்காலிஸ்டரிடம் கேட்டு வாங்கினார்.

புங்கோல் பறவை:

எதற்கு இவ்வளவு கஷ்டம்? ஜப்பான்காரர் யோஷிமாட்சுவின் சாக்ஸபோன் கான்செர்ட்டோ 'சைபர்பேர்ட்' (1994) போட்டுக் கேளுங்கள். நடுப்பகுதியில் அழாவிட்டால் சொல்லுங்கள். அவர் தங்கை நோயில் இறந்துகொண்டிருந்தபோது எழுதியது.

துவாஸ் நைட்ஷிப்ட்:

எல்லோருக்கும் நன்றி. புங்கோல் பறவை, ரயிலில் அதைக் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், போதுமா?

ஆடம்ஸைத் துவாஸ் லிங்க் ஸ்டேஷனில் தொடங்கினேன். ஷிப்ட் முடிந்த களைப்பு, காலை ரயில், சைக்கிளை நினைத்துக்கொண்டேன். ஜூ கூன் வரை பழைய எரிச்சல்தான். அப்புறம் பேண்டுக்காரர் சொன்ன அடங்கும் இடம் வந்தது. அதுவரை நான் கேட்டதே இல்லை, எப்போதும் அதற்கு முன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறேன். கிளமெண்டி தாண்டும்போது முடிந்தது. பிடித்ததா என்று கேட்டால் இன்னும் சொல்லத் தெரியவில்லை. மறுநாளும் போட்டேன்.

ஞாயிறு மகளோடு உட்கார்ந்தபோது பெருமையாக, "இந்த இடத்துல அவர் மூச்சு வாங்குறது கேக்குது பாரு" என்றேன். பாட்டை நிறுத்திப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள்.

"அப்பா, அது மூச்சு இல்ல. சாவி மூடுற சத்தம்."

இரண்டரைக் கட்டைச் சோதனை நாளைக்கு. மேல் வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்கிறார்.