ஏரிக்கரைப் பகல்நேரப் பூங்காவுக்கு ஆர்.வி.யில் செல்வது குறித்து

கேள்வி:

வணக்கம். செப்டம்பர் மாத வார இறுதி ஒன்றில், 28 அடி நீளமுள்ள கிளாஸ் சி ஆர்.வி. (வேனின் அடிப்பாகத்தின் மேல் கட்டப்பட்ட, படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை பராமரிக்கும் ஓர் அணைக்கட்டு ஏரிக்குக் குடும்பத்துடன் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். நாங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் இடம் ஒரு பகல்நேரப் பூங்கா. ஊர்களை விட்டு விலகி, குறுகலான இருவழிச் சாலையின் முடிவில் இருக்கிறது. நிழற்கூடம், படகுத்துறை, நீந்துவதற்கான சிறிய கரை, கழிப்பறை ஆகியவை அங்கே உண்டு. என் மாமியாருக்கு எழுபது வயதைக் கடந்துவிட்டது. முழங்கால் வலியால் அவரால் நெடுநேரம் வெளியே உட்கார முடியாது என்பதால்தான் படுக்கை உள்ள வண்டியாகப் பார்த்தோம். வண்டிக்குள்ளேயே உறங்கப்போவதால் பூங்காவின் வாகன நிறுத்துமிடத்திலேயே இரவைக் கழித்துவிடலாம் என்கிறார் என் கணவர். எனக்கு அதில் ஐயம் இருக்கிறது. எங்கள் இருவருக்கும் ஆர்.வி. ஓட்டிப் பழக்கமில்லை. முன்கூட்டியே எவற்றைக் கவனிக்க வேண்டும்?

மறுமொழி 1:

உங்கள் ஐயம் சரியானது. பகல்நேரப் பூங்கா என்றால் மூடும் நேரத்துக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும். வண்டிக்குள் கட்டில் இருக்கிறதா இல்லையா என்பதை யாரும் பார்ப்பதில்லை. பொறியாளர் படையின் விதிகளின்படி, முகாமுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களில் மட்டுமே இரவில் தங்கலாம். பல பூங்காக்களில் மாலையில் வாயிற்கதவைப் பூட்டிவிடுவார்கள் என்பதால், அபராதத்தோடு காலைவரை உள்ளே சிக்கிக்கொள்ளவும் நேரலாம்.

அதே ஏரியின் வேறொரு கரையில் முகாம் மைதானம் இருக்கிறதா என்று அமெரிக்க அரசின் முன்பதிவுத் தளமான ரிக்ரியேஷன்.கவ்-இல் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். வெள்ளி இரவே அங்கு சென்று தங்கி, சனிக்கிழமை பகலில் மட்டும் பூங்காவுக்கு வந்து திரும்புவதுதான் சரியான ஏற்பாடு. முன்பதிவு செய்யும்போது ஒவ்வொரு மனைக்கும் (ஒரு குழு தங்குவதற்கான முகாம் இடம்) குறிப்பிட்டிருக்கும் வாகன நீள வரம்பைப் படித்துப் பார்த்து, மின் இணைப்புள்ள மனையாகத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் சொல்வது செப்டம்பர் முதல் திங்கட்கிழமையை ஒட்டிய லேபர் டே விடுமுறை என்றால் இந்நேரம் இடங்கள் நிரம்பியிருக்கலாம். அதற்குப் பிந்தைய வாரம் என்றால், சில மைதானங்கள் அந்த விடுமுறையோடு பருவத்தை முடித்துக்கொள்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

மறுமொழி 2:

தங்குமிடத்தைப் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். வண்டியை எங்கே நிறுத்தப்போகிறீர்கள் என்பதுதான் என் கவலை. வழக்கமான கார் நிறுத்துமிடம் ஏறத்தாழ 9 அடி அகலமும் 18 அடி நீளமும் கொண்டது. உங்கள் வண்டி அதைவிடப் பத்தடி நீளம். படகுத்துறை அருகே உள்ள நீண்ட இடங்களைக் கண்டதும் ஆசை வரும். ஆனால் அவை படகு இழுத்து வருபவர்களுக்கானவை. அங்கே நிறுத்தினால் சனிக்கிழமைக் காலையில் எல்லோருடைய கோபத்துக்கும் ஆளாவீர்கள். செயற்கைக்கோள் படத்தில் பூங்காவைப் பெரிதாக்கி, வண்டி வட்டமடித்துத் திரும்ப இடமிருக்கிறதா என்று பாருங்கள். அதில் தெளிவில்லை என்றால் ஏரி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, வண்டியின் நீளத்தைச் சொல்லிக் கேட்டுவிடுவது மேல்.

கிளாஸ் சி வண்டியில் பின்சக்கரங்களுக்குப் பின்னால் நீளமான வால்பகுதி இருக்கும். நீங்கள் வலப்புறம் திருப்பும்போது அது இடப்புறமாக வீசும். புதியவர்கள் கம்பத்திலும் பக்கத்து வண்டியிலும் உரசுவது பெரும்பாலும் இப்படித்தான். என் முதல் பயணத்தில் குப்பைத் தொட்டி ஒன்றைச் சாய்த்துவிட்டு, இறங்கிப் பார்க்கும்வரை எனக்கே அது தெரியவில்லை. இவ்வகை வண்டிகளின் உயரம் பொதுவாக 11 முதல் 12 அடி இருக்கும் என்பதால், சரியான அளவை வாடகைக்குத் தருபவரிடம் கேட்டு, ஓட்டுநர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டிவையுங்கள். பூங்காச் சாலைகளில் கூரையைக் கிழிப்பது பெரும்பாலும் பாலம் அல்ல, தாழ்ந்த மரக்கிளைதான். பின்னோக்கி எடுக்கையில் ஒருவர் இறங்கி, ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி நின்று சைகை காட்ட வேண்டும். தொலைபேசி அலைவரிசை கிடைக்காமல் போகலாம். வரைபடத்தை முன்பே தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3:

மாமியாரின் ஓய்வை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். கூரையில் உள்ள ஏ.சி. மின் இணைப்பிலோ ஜெனரேட்டரிலோதான் ஓடும். வாடகை வண்டிகளில் வழக்கமாக இருக்கும் பேட்டரி அதற்குப் போதாது. பகல்நேரப் பூங்காவில் வண்டிக்கான மின் இணைப்பு பொதுவாக இருக்காது. ஜெனரேட்டரைப் பகல் முழுவதும் ஓட்டினால் பக்கத்தில் உணவருந்துபவர்களுக்கு இரைச்சல். அதைவிட முக்கியமாக, அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. புகைபோக்கி இருக்கும் பக்கத்துச் சன்னல்களை மூடி, எச்சரிக்கைக் கருவி இயங்குகிறதா என்று புறப்படும் முன்பே அழுத்திப் பாருங்கள். காலையிலேயே சென்று நிழலான இடத்தைப் பிடித்து, பேட்டரியில் ஓடும் கூரை விசிறியை வைத்துச் சமாளிப்பதையே நான் விரும்புவேன். நிழல் தேடிச் சரிவில் நிறுத்திவிடாதீர்கள். எரிவாயுவில் இயங்கும் குளிர்பதனப் பெட்டி ஏறக்குறைய மட்டமாக நின்றால்தான் ஒழுங்காக வேலை செய்யும்.

ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு எடை. 40 கேலன் தொட்டியை நிரப்பினால் 330 பவுண்டுக்கு மேல் சுமக்கிறீர்கள். முகாமில் குழாய் இருக்குமானால் வழியில் கைகழுவவும் கழிப்பறைக்கும் தேவையான அளவு போதும். பாத்திரம் கழுவிய நீராக இருந்தாலும் பூங்காத் தரையில் திறந்துவிடக் கூடாது. முகாமில் கழிவுநீரைக் கொட்டுவதற்கென உள்ள டம்ப் ஸ்டேஷனில்தான் வெளியேற்ற வேண்டும். அங்கே முதலில் கழிப்பறைத் தொட்டியையும், பிறகு கழுவுநீர்த் தொட்டியையும் திறந்தால், பின்னது குழாயை அலசிக்கொண்டு போகும்.

கேட்டவர்:

மிக்க நன்றி. ஏரியின் மறுகரையில் 35 அடி வரை அனுமதிக்கும் மனை ஒன்று கிடைத்துவிட்டது, கணவரும் ஒப்புக்கொண்டார். பிள்ளைகள் தங்கள் கயாக்கை (சிறிய துடுப்புப் படகு) கொண்டுவர விரும்புகிறார்கள். அதில் ஏதும் சிக்கல் உண்டா?

மறுமொழி 2:

கொண்டுவரலாம். வரிக்குதிரைச் சிப்பி என்னும் அந்நிய உயிரினம் 1980களில் வட அமெரிக்கப் பேரேரிகளில் புகுந்து, பிறகு படகுகளோடு ஒட்டிக்கொண்டும் பல ஏரிகளுக்குப் பரவியது. ஆகவே வேறு ஏரியில் பயன்படுத்திய கயாக் என்றால் கழுவி, நீரை வடித்து, நன்றாகக் காயவிட்டு எடுத்து வாருங்கள். திரும்பும்போதும் அப்படியே செய்யுங்கள். கோடை முடிவில், நச்சாகக்கூடிய நீலப்பச்சைப் பாசி பெருகுவதுண்டு. தண்ணீர் பச்சைச் சாயம் கொட்டியதுபோல் இருந்தாலோ எச்சரிக்கைப் பலகை இருந்தாலோ, பிள்ளைகளையும், நாய் உடன் வந்தால் அதையும் இறங்கவிடாதீர்கள். இலையுதிர்காலத்தில் சில அணைகளில் நீர்மட்டத்தைக் குறைப்பார்கள். அப்போது படகுத்துறை சேற்றில் முடியக்கூடும். அலுவலகத்தை அழைக்கும்போது அதையும் கேட்டுவிடுங்கள்.